சுட்டும் வினாவும்: பொருட்காட்சிசாலையில் வழிகாட்டியின் சொல்

கோல சிலாங்கூரில் ஆற்றுமுகத்தையும் மலாக்கா நீரிணையையும் நோக்கி நிற்கும் மெலாவத்தி மலை உயரத்தில் சிறிது, வரலாற்றில் சிறிதன்று. 1784ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இம்மலைக் கோட்டையைக் கைப்பற்றி, பத்தாவியாவில் இருந்து ஆண்ட தம் தலைமை ஆளுநர் ஆல்டிங் என்பாரின் பெயரால் அதனை ஆல்டிங்ஸ்பர்க் என வழங்கினர். அடுத்த ஆண்டே சுல்தான் இபுராகிம் கோட்டையை மீட்டுக்கொண்டார். ஒல்லாந்தர் போயினும் பெயர் போகவில்லை. 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலமும், பழைய பீரங்கிகளும், வட்டார வரலாற்று அருங்காட்சியகமும் அம்மலைமேல் உள்ளன. புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்க்கு மிக அண்மையில் உள்ள பொருட்காட்சிசாலை இதுவே.

மலையேறி வருவோர்க்குக் காட்டப்படும் பொருள்களுள் ஒன்று தட்டையான ஒரு பாறைக்கல். குற்றவாளிகளின் தலை கொய்யப்பட்ட கல் அது என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தியைக் கேட்டதும் குழந்தைகள் தாயின் கையை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பெரியவர்கள் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அப்பால் நகர்கின்றனர். அஃது எவ்வகைக் கல், உளி பட்ட தடம் அதில் உண்டா, மழை அதனை எவ்வாறு தேய்த்திருக்கிறது என்று பின்னர்க் கேட்டால் விடை கூறுவார் அரியர். கதையைக் கேட்டனர், கல்லைக் கண்டிலர். ஆனால் அதே மனிதர் சற்றுத் தள்ளி மரத்தடியில் கூடியிருக்கும் குரங்குகளைப் பார்க்கும் வகையே வேறு. வெள்ளி நரை பூத்த கருநிறத் தாயின் மார்பில் செம்மஞ்சள் நிறக் குட்டி ஒன்று தொங்குவதைக் கண்டவுடன், தாய் ஒரு நிறமும் பிள்ளை ஒரு நிறமும் ஆனது எப்படி என்று அவர்களே கேட்கின்றனர். எவரும் கற்பியாமல் எழுந்த வினா அது. கல்லின்முன் பிறவாத வினா குரங்கின்முன் பிறந்ததற்குக் காரணம் கல்லின் குறையும் அன்று, மக்களின் குறையும் அன்று. கல்லின்முன் அவர்கள் வாய் திறப்பதற்குள் விடை வந்து விழுந்துவிடுகிறது.

இந்நிலை மெலாவத்தி மலைக்கு மட்டும் உரியதன்று. 1851இல் தோன்றிய சென்னை அரசினர் பொருட்காட்சிசாலையை அந்நகரத்து எளிய மக்கள் நெடுங்காலம் 'செத்த காலேஜ்' என்றே அழைத்தனர். விலங்குக் காட்சிசாலை அவர்களுக்கு 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் இப்பெயர்களைக் கேட்டுச் சிரித்ததுண்டு. சிரிப்பதற்கு இடமில்லை; பொருட்காட்சிசாலைகளைப் பற்றிப் பொதுமக்கள் எழுதாமல் எழுதிய மதிப்புரை அது. உயிருள்ளதன்முன் மனிதன் கேட்கிறான்; செத்ததன்முன் வாய்மூடி நிற்கிறான். செத்ததைப் பேசவைக்கவே வழிகாட்டி என ஒருவர் வேண்டியிருக்கிறது. வசதி உடையோர் தமக்கெனத் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கலைக்கூடங்களைச் சுற்றி வருவது இன்று உலகின் பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. இதனைச் செல்வர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அதனுள் தமிழர்க்குப் புதியதல்லாத ஒரு கல்விமுறை இருக்கிறது. அதன் மிகப் பழைய சான்று பரிபாடலில் காணப்படுகிறது.

பரிபாடலின் 19ஆம் பாடல் நப்பண்ணனார் செவ்வேள்மீது பாடியது. திருப்பரங்குன்றத்தைக் களமாகக் கொண்டது. மதுரையிலிருந்து பாண்டியனும் பரிவாரமும் மக்களும் குன்றத்திற்கு வருகின்றனர். அங்கே ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருக்கிறது. வந்தவர்களுள் சிலர் ஞாயிறு முதலிய சுடர்களின் நிலையை விளக்கும் ஓவியத்தில் ஆழ்ந்து நிற்கின்றனர். சிலர் இருவர் வடிவங்களைக் கண்டு இவர் யாவர் எனக் கேட்க, இவள் இரதி, இவன் காமன் என விடை கிடைக்கிறது. அடுத்த சுவரில் பூனை வடிவம் கொண்ட இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும், அவள் கல்லான நிலையும் தீட்டப்பட்டுள்ளன. அவற்றையும் ஒருவர் மற்றவர்க்கு இன்னது இன்னது என உரைக்கின்றார். கலைக்கூடத்தைச் சுற்றிக் காட்டும் காட்சி ஒன்று தமிழில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் இத்துணைத் தொன்மையில் வரையப்படவில்லை.

இப்பகுதியைச் சிற்பநூலாரும் ஓவிய வரலாற்றாரும் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளனர். சங்க காலத்தில் ஓவியக்கலை இருந்தது என்பதற்குச் சான்றாகவே அவர்கள் இதனைக் கொண்டனர். அதனினும் நுட்பமான செய்தி ஒன்று இதனுள் உண்டு. புலவர் இங்கே இரண்டு வினைகளைப் பிரித்துக் கூறுகிறார். மண்டபத்தை அணுகுவோர் சுட்டுகின்றனர். சுட்டியதை அறிந்தோர் விளக்குகின்றனர். விரல் காண்பவருடையது, சொல் அறிந்தவருடையது. இன்றைய பொருட்காட்சிசாலைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. விரலும் வழிகாட்டியுடையது, சொல்லும் வழிகாட்டியுடையது. பார்வையாளர்க்கு எஞ்சுவது கால் மட்டுமே. அடுத்த அறைக்கு, அதற்கடுத்த அறைக்கு என நடப்பது ஒன்றே அவர் தொழிலாகிறது.

சுட்டையும் வினாவையும் தொல்காப்பியர் நூன்மரபில் அடுத்தடுத்து வைத்தார். அ, இ, உ மூன்றும் சுட்டு. ஆ, ஏ, ஓ மூன்றும் வினா. எழுத்தின் இயல்பைக் கூறும் இடத்தில் வைக்கப்பட்ட வரிசை அது எனினும், ஓர் உண்மை அதனால் விளங்குகிறது. இவ்விருவகைச் சொல்லும் எதிரே ஒரு பொருளும் அருகே ஒரு மனிதனும் இல்லாவிடில் பொருள்படா. 'இது' என்று தனியறையில் சொல்லிக்கொள்வார் எவருமிலர். பரங்குன்ற மண்டபத்து உரையாடல் முழுதும் இவள், இவன், இது என்னும் சொற்களால் ஆகியிருப்பது தற்செயலன்று. அங்கே சொல் பொருளைவிட்டு ஓரடியும் விலகவில்லை. அகலிகையின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்ல அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை, சுவர் சொல்லுமளவே சொன்னார்கள்.

மேல்நாட்டார் இக்கலையை ஒரு பணியாக வகுத்தது மிக அண்மையில்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக்கூடத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பார், பார்வையாளருடன் நடந்து பொருள்களைப் பற்றி உரையாடுவதற்கென்றே சிலரை 1907இல் அமர்த்தினார். கற்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அவர்களுக்கு 'டோசன்ட்' என்ற பெயர் வந்தது. அதே கில்மன் 1916இல் பொருட்காட்சிசாலைச் சோர்வு என்ற ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பெட்டிகளின் அடித்தட்டில் உள்ள பொருளைக் காண ஒரு மனிதன் எப்படியெல்லாம் குனியவும் வளையவும் மண்டியிடவும் வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே அதில் அடுக்கிக் காட்டினார். கலையார்வம் இல்லாததால் மக்கள் களைக்கவில்லை, முதுகு வலியால் களைக்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பொருட்காட்சிசாலை அமைப்போர் இன்றும் அப்படங்களைப் பார்ப்பது நன்று. தோட்டத்தில் நாற்பதாண்டு வேலை செய்த முதியோர் முதுகுக்கு எட்டாத உயரத்தில் பெயர்ச்சீட்டு எழுதி வைப்போர் சிறப்பாகப் பார்க்கவேண்டும்.

கில்மன் தொடங்கிய அப்பணி நடந்துகொண்டிருந்த அதே கூடத்திற்கு 1917இல் ஒரு தமிழர் வந்து சேர்ந்தார் என்பது பலர் நினைவில் இல்லாத செய்தி. கொழும்பில் 1877இல் பிறந்தவரும், சர் முத்துக் குமாரசுவாமியின் மகனுமாகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். 1947இல் மறையும் வரை முப்பதாண்டுகள் அவர் பணியாற்றியது அங்கேதான். இந்தியக் கலைப்பொருள்களைக் காக்கும் பொறுப்பில் இருந்துகொண்டே, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதுதான் எதற்காக என்ற அடிப்படை வினாவை எழுப்பியவர் அவர். பொருட்காட்சிசாலையில் உள்ள எந்தப் பழம்பொருளும் பொருட்காட்சிசாலைக்காகச் செய்யப்பட்டதன்று. குத்துவிளக்கு எரிவதற்கும், திருமேனி வணங்குவதற்கும், வாள் வெட்டுவதற்கும் செய்யப்பட்டன. ஆகவே அவற்றை அழகுப் பொருள்களாகப் பார்த்து வியப்பதைவிட, எதற்காகச் செய்யப்பட்டன, அதற்கு எவ்வளவு பொருத்தமாகச் செய்யப்பட்டன என அறிவதே காட்சியின் பயன் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை முழுதும் ஏற்காதவரும் இதில் வழிகாட்டிக்கு ஒரு நல்ல கருவி இருப்பதை மறுக்கவியலாது. 'எவ்வளவு அழகு!' என்ற வியப்புக்குப் பின் பேச்சு நின்றுவிடுகிறது. 'இஃது எதற்கு?' என்ற வினாவுக்குப் பின் பேச்சு தொடங்குகிறது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு விடையூர்தியாரின் செப்புத் திருமேனி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1011ஆம் ஆண்டினது, சோழர் வார்ப்புக்கலையின் முடிமணி எனப் பலராலும் போற்றப்படுவது. ஒரு கால் மற்றொன்றன் முன் குறுக்கிட்டு நிற்க, சடையே தலைப்பாகைபோல் சுற்றியிருக்க, ஒரு கை மடங்கி எதன்மீதோ ஊன்றியதுபோல் வெளியில் தங்கி நிற்கிறது. அந்த 'எதன்மீதோ' என்பதே இத்திருமேனியின் உயிர். அங்கே இருந்த விடை இன்று இல்லை. தேர்ந்த வழிகாட்டி ஒருவர் இவ்விடத்தில் சோழ மன்னர் பட்டியலைத் தொடங்கமாட்டார். அந்தக் கை ஏன் அங்கே நிற்கிறது என்று பார்வையாளரே கேட்கும் வரை பொறுத்திருப்பார். கேட்டபின், முழங்கை இருக்கும் உயரத்தைக் காட்டி விடையின் திமில் எங்கே வந்திருக்கும், உடல் எப்பக்கம் சாய்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது எனக் காணச் செய்வார். சிறிது நேரத்தில் இல்லாத விடை கண்ணுக்குத் தோன்றிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் வார்த்தவன் அவ்விடையின் முதுகை எவ்வளவு மெய்யாக எண்ணியிருந்தால் அதன்மேல் ஊன்றிய கை, விடை மறைந்த பின்னும், தன் நிலையில் பொய்க்காமல் இருக்கும்! இதனை ஒலிக்கருவி சொல்லலாம், கைப்பேசியும் சொல்லலாம். கேட்கும் வரை பொறுத்திருக்க அவற்றால் ஆகாது.

சிலாங்கூரின் வடபகுதித் தோட்டத்து மக்கள் தஞ்சைக்குப் போவது எல்லார்க்கும் இயல்வதன்று. கோலாலம்பூருக்குப் போகலாம், கோல சிலாங்கூரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அங்குள்ள தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்ட் 31இல் திறக்கப்பட்டது. அதே இடத்தில் முன்னர் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் 1945 மார்ச்சு மாதத்தில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்தது. புதிய அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் ஒன்று, 1936இல் பேராக் மாநிலத்துப் பீடோரில் ஈயச் சுரங்கம் ஒன்றில் வெளிப்பட்ட எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரரின் வெண்கலத் திருவுருவம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நின்று பழகிய கண்ணுக்குப் பல கைகள் புதுமையல்ல. ஆயின் 'இது நம் சாமியா, வேறு சாமியா?' என்னும் வினா அக்கண்ணில் உடனே எழும். அவ்வினாவுக்கு வழிகாட்டி என்ன சொல்வார் என்பதே சோதனை.

'புத்த சமயத்து உருவம்' என்று மட்டும் சொன்னால் வினா அத்துடன் செத்துவிடுகிறது. 'தமிழன் வார்த்தது' என்று மார்தட்டினால் அஃது ஆராய்ச்சி அன்று; சீவிசய அரசு தழைத்த நாளில் இக்கடல்வழியெங்கும் பரவிய மகாயான பௌத்தக் கலையின் சூழலில் வைத்தே அவ்வுருவம் ஆராயப்படுகிறது. தமிழறிந்த வழிகாட்டி ஒருவர்க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதனிடத்தே என்று கூறுகிறது. சிவனிடம் கற்றார் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது வியப்பூட்டும். தமிழ் இலக்கணம் எழுதிய பௌத்தர் ஒருவர் தம் மொழிக்கே முதலாசிரியனாகக் கொண்ட அருளாளன் இவன் என்ற நினைவோடு அவ்வுருவத்தை மீண்டும் நோக்கும்போது, சடைமுடியும், தாழ்ந்த விழிகளும், விரிந்த கைகளும் வேறாகத் தோன்றும். அவலோகிதனின் முடியில் அமிதாப புத்தரின் சிறுவடிவம் இருப்பது மரபு என்று சொன்னால், அதனைத் தேடிக் கண்கள் மேலே செல்லும். 'நம் சாமியா?' என்ற வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ விடை சொல்லாமலே, அவ்வினாவை எழுப்பியவரை உருவத்தின்முன் இன்னும் சிறிது நேரம் நிறுத்திவைத்தாயிற்று.

மெலாவத்தி மலைக் கல்லின் கதைக்கும் அவலோகிதனின் கதைக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தில் புலனாகும். முன்னது கேட்டவரைக் கல்லிலிருந்து அகற்றிக் குருதியும் கூக்குரலுமாகிய கற்பனைக்குள் தள்ளுகிறது. திரும்ப அழைத்து வருவதில்லை. பின்னது கேட்டவரை ஒருமுறை தமிழ்நாடு வரை கூட்டிச் சென்று அதே வெண்கலத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. கதை கூடாது என்பதன்று கருத்து. திரும்பி வரத் தெரிந்த கதை வேண்டும்.

இதற்கு மறுதலையான இடரும் ஒன்று உண்டு. 1958இல் தொடங்கப்பெற்ற தேசியக் கலைக்கூடம், தற்கால ஓவியங்களின் இருப்பிடம். இந்நாட்டு ஓவியருள் சையத் தாஜுதீன் தமிழகத்து அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். இராமாயணக் காட்சிகளை வரைந்தவர். இத்தகைய ஓவியத்தின்முன் நிற்கும் தமிழர்க்கு எவரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. சீதை, அனுமன் என்று கண்டுகொள்கிறார். கண்டுகொண்டவுடன் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார். கதை தெரியாமை ஒரு திரையென்றால் கதை தெரிந்திருத்தலும் ஒரு திரையே. இங்கே வழிகாட்டி கதையை அடக்கிவைத்து, இவள் முகம் ஏன் இந்நிறம், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வினாக்களையே எழுப்பவேண்டும். ஓவியம் தானே பேசும், இடையில் ஆள் எதற்கு என்பாரின் வாதத்திற்கு இவ்விடத்தில் ஓரளவு வலிமை உண்டு. உருவமே இல்லாத புத்தோவியங்களின்முன் அவ்வாதம் இன்னும் வலியது. அங்கே நல்ல வழிகாட்டி பேசாமல் நிற்பதே பெரும்பணி. ஆயினும் தனியே விடப்பட்டவர் எல்லாரும் ஓவியத்தோடு உரையாடிவிடுவதில்லை. பெரும்பாலோர் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு நகர்கின்றனர். தெருக்கூத்தில் கட்டியக்காரன் இல்லாவிட்டாலும் அரசன் வந்து ஆடுவான். ஆயின் 'நீர் யார், எந்த நாட்டார்?' என்று சபையின் சார்பில் கேட்க ஆள் இருக்கமாட்டான். கட்டியக்காரன் அரசனின் ஆளாகத் தோன்றினும் உண்மையில் சபையின் வாய் அவன்.

இவ்வாறு நோக்கினால், தனி வழிகாட்டியோடு சுற்றிவருதலின் சிறப்பு அதன் வசதியில் இல்லை என்பது தெளிவாகும். நாற்பது பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கி ஒரு கூடத்துள் வரிசையாக நுழையும்போது எவர் விரல் எதைச் சுட்டுகிறது என்று பார்க்க ஆசிரியர் ஒருவரால் இயலாது. ஐந்தாறு பேர் எனின் இயலும். சுட்டும் உரிமை பார்வையாளர்க்குத் திரும்பக் கிடைப்பதற்கே சிறு குழு வேண்டும். இன்று அவ்வுரிமை காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கிறது. வாரக்கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பம் தனி வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கும் என எதிர்பார்ப்பது பேதைமை. கோலாலம்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் 2007 முதல் தன்னார்வலர் குழு ஒன்று ஆங்கிலம், பிரெஞ்சு, சப்பானியம் முதலிய மொழிகளில் கட்டணமின்றிச் சுற்றிக்காட்டி வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்போர் பலர் அதில் உழைப்பது பாராட்டத்தக்கது. அவ்வரிசையில் தமிழும் நிலையான இடம் பெறவேண்டும். அவ்விடத்தை வேறு எவரும் வந்து நிரப்பமாட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் சிலர் மாதத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். அவர்கள் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசப் பிறமொழிச் சொல்லை நாட வேண்டிய தேவையும் இல்லை. பீடம், திருவாசி, உதரபந்தம், தோள்வளை, கடகக் கை எனச் சிற்பியர் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல். சொன்னவுடனே கண் அவ்விடத்திற்குச் செல்லும்.

மீண்டும் கோல சிலாங்கூரை நோக்கினால் வேறு ஒரு குறை தென்படும். மெலாவத்தி மலைமேல் நிற்பவர் மேற்கே கடலைப் பார்க்கிறார். ஒல்லாந்தர் வந்த வழி அது. கிழக்கே சிலாங்கூர் ஆறு உள்நாட்டுக்குள் வளைந்து செல்கிறது. தமிழர் சென்று குடியேறிய தோட்டங்கள் அப்பக்கம். மலைமேல் சொல்லப்படும் கதை பெரும்பாலும் கடலை நோக்கியது. ஆற்றை நோக்கியும் ஒரு விரல் நீளவேண்டும். பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபோக்கோனியே 1905இல் இம்மாநிலத்திற்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர்த் தோட்டம் அமைத்தவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை நடப்பட்டது. இந்நாட்டில் வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம் அதுவே. தென்னையின் தமிழ்ப் பெயரைக் கொண்ட தோட்டத்திலிருந்து செம்பனை நாடெங்கும் பரவியது! ஃபோக்கோனியே பின்னர் எழுதிய 'மலேசி' என்னும் நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டம் போட்டவரின் எழுத்து உலகப் புகழ் பெற்றது. அத்தோட்டத்தில் மரம் வெட்டியவர்களின் கைப்பொருள்களோ பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகி, லயங்கள் இடிக்கப்பட்டபோது மங்கும், வாளியும், தோளில் சுமந்த காண்டாவும், பால்வெட்டும் கத்தியும் குப்பையோடு குப்பையாயின.

அவற்றைச் சேர்த்து ஓர் அறையில் வைப்பது அரிய செயலன்று. சில இடங்களில் அன்பர்கள் தம் வீட்டிலேயே சேர்த்தும் வைத்துள்ளனர். கலைக்கூடத்தில் வைக்கும் தகுதி அவற்றுக்கு உண்டா என்று ஐயுறுவார்க்குக் குமாரசுவாமியின் வினாவே போதிய விடை. எதற்காகச் செய்யப்பட்டது, அதற்கு எவ்வளவு பொருத்தமாகச் செய்யப்பட்டது? பால்வெட்டும் கத்தியின் வளைந்த நுனி, பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள வளர்படையைத் தொடவும் கூடாது. தொட்டால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறினாலும் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுமுறை வெட்டுக்கு உதவாது. விடியுமுன் இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் தாளளவு பிழையும் நேராமல் வெட்டிய கையைச் சிற்பியின் கை என்று சொல்வது உபசாரம் ஆகாது. வெட்டி வெட்டி இறங்கிய கோடுகளோடு கூடிய பழைய பட்டைத்துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், அதனைக் காண வருவோர் நின்று பார்ப்பர்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழின் மூன்று சுட்டுகளுள் 'உ' இன்று யாழ்ப்பாணத்தார் பேச்சில்தான் உயிரோடு உலவுகிறது; மலாயாத் தோட்டங்களுக்குக் கிராணிமாராக வந்த யாழ்ப்பாணத்தார் வாயில் அக்காலத் தொழிலாளர் அதனைக் கேட்டிருப்பர். பேசுவோனுக்கு அருகில் இருப்பது இது; இருவர்க்கும் எட்டாதது அது; உன் பக்கத்தில் இருப்பது உது. தோட்டத்துப் பொருள்கள் இன்று அந்த இடைநிலையில் உள்ளன. பால் வெட்டிய பாட்டிக்குக் கத்தி 'இது'வாக இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அது 'அது'வாகிக்கொண்டிருக்கிறது. இருவரும் ஒரே பெட்டியின்முன் ஒரு சேர நிற்கும் காலம் நெடிதன்று.

அப்போது பிள்ளையின் விரல் எங்கே போகும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. பட்டைத்துண்டின் கோடு ஏன் நேராக இல்லாமல் சாய்ந்திருக்கிறது என்று கேட்கலாம். எப்போதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருப்பது ஏன் என்று கேட்கலாம். நல்ல வினாதான். பாலைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பட்டைக்குள் நேர்நிலையாக இல்லை. எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். நுண்குழாய் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களும் கையால் இதனை அறிந்திருந்தனர். அந்த விடையைக் கோட்டின்மேல் விரல் வைத்துச் சொல்லவல்லவர்கள் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள்.